தலை விழுந்தால் ஆமாம்

எனக்குப் பேசுவதைவிட எழுதுவது எளிது. அதனால்தான் நேற்று போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் அறையில் பேப்பர் கேட்டேன். நீங்கள் தந்த தாள்கள் போதவில்லை என்றால் பின்பக்கமும் எழுதுவேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

கபடி நடுவர் எத்திராஜ் பூந்தமல்லி மைதானத்தில் அடிபட்டு, நான்காம் நாள் இறந்துபோனார். அடித்த மூன்று பையன்களை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சூதாட்டப் பட்டியலில் அவர் பெயர் எப்படி வந்தது என்று என்னைக் கேட்டீர்கள். நான்தான் கொடுத்தேன். இதை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏன் கொடுத்தேன் என்பதையும் படித்தால், என் இடத்தில் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள் என்று தெரியும்.

என் பெயர் பெனிஷா. வயது இருபத்தாறு. எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தேன். திருநின்றவூரில் அம்மா லூர்தம்மாளுடனும் தம்பி ஆன்டோவுடனும் வாடகை வீட்டில் இருக்கிறேன். நகரத்தில் ஒரு சிறிய ஆய்வு மையத்தில் வேலை. அதை நடத்துபவர் டாக்டர் சாவித்திரி. விளையாட்டு நடுவர்களிடையே சூதாட்டப் பழக்கம் எவ்வளவு இருக்கிறது, அது தெரியவரும்போது சங்கங்கள் என்ன செய்கின்றன என்பதுதான் ஆய்வு. ஆட்டக்காரர்களைப் பற்றி எத்தனையோ ஆய்வு உண்டு. விசில் ஊதுகிறவர்களை யாரும் கேட்டதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து நடுவர்களைச் சந்திக்கும் வேலை எனக்கு வந்தது.

கேள்வி ஒன்றுதான் முக்கியம். ‘நீங்கள் நடுவராக இருக்கும் விளையாட்டில், கடந்த இரண்டு வருடத்தில் பந்தயம் கட்டியதுண்டா?’

இதை நேராகக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பதில் சொல்பவர் ஒரு காசைச் சுண்டுவார். எப்படி விழுந்தது என்று அவர் மட்டும் பார்க்க வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும் ‘ஆமாம்’ என்று போட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைப் போட வேண்டும். ஒரு படிவத்தில் ‘ஆமாம்’ இருந்தால் அது மனிதர் சொன்னதா, காசு சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் எழுதுபவருக்கு ஆபத்து இல்லை. மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும்போது மட்டும் உண்மை தெரியும். பாதிப் பேருக்குத் தலை விழுந்திருக்கும். அந்தப் பாதியைக் கழித்தால் மீதி வருவது நிஜமான ‘ஆமாம்’.

இதை விளக்க நான்கு நிமிடம் ஆகும். கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

நடுவர்கள் எல்லாரிடமும் காசு இருந்தது. டாஸ் போடத் தனியாக ஒன்று வைத்திருப்பார்கள். இதில் சாவித்திரி மேடம் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வந்தது. காசைச் சுண்டிப் பிடித்ததும் நடுவர்கள் உள்ளங்கையை விரித்து எதிரில் இருப்பவருக்குக் காட்டிவிடுவார்கள். இரண்டு கேப்டன்களுக்கும் காட்டிக் காட்டிக் கை அப்படியே பழகிவிட்டது. மறைக்கச் சொன்னால் கை கேட்காது. “காட்டாதீங்க சார்” என்று சொல்லிக்கொண்டே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருவர் சிரித்தார். “இன்னா மேடம், பொண்ணு பாக்க வந்தா மாரி வெக்கப்படுறீங்க” என்றார். நான் திருப்பியதற்குக் காரணம் வெட்கம் இல்லை. பார்த்தால் ஆய்வு கெட்டுவிடும்.

தொண்ணூற்றாறு பேர் படிவம் நிரப்பினார்கள். அறுபத்தொரு ‘ஆமாம்’ வந்தது. அதில் நாற்பத்தெட்டு காசு சொன்னது. மீதி பதின்மூன்று, பூ விழுந்த நாற்பத்தெட்டுப் பேரில் பதின்மூன்று. நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகம். மேடம் அந்தக் கணக்கைத் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தார்.

படிவத்தில் பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும். ஆனால் அன்றன்று படிவம் நிரப்பியவர் யார், எந்த மைதானம் என்று நான் ஒரு டைரியில் வரிசையாக எழுதியிருந்தேன். வேலை முடிந்ததும் அதைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார் மேடம். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. எழுதி வைத்ததைக் கிழிக்க எனக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

எத்திராஜை எனக்கு முன்பே தெரியும். விசாரித்தால் எப்படியும் தெரிந்துவிடும், அதனால் நானே எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஆவடியில் ஒரு போட்டி. என் தம்பி ஆன்டோ ரெய்டர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அன்று பார்க்க வந்திருந்தார்கள். கடைசி ரெய்டில் ஆன்டோ இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். எத்திராஜ் விசில் ஊதி, குதிகால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று அவுட் கொடுத்தார். அணிப் பையன்கள் அவரைச் சுற்றி நின்று கெஞ்சினார்கள். “அண்ணாத்தே, செலக்சன் அண்ணாத்தே, கண்டுக்காத உடு” என்றான் ஒருவன். அவர், “ரூலுன்னா ரூலுதான் நைனா. நான் இன்னா உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கா வந்துகீறேன்?” என்றார். அவர்கள் தோற்றார்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் வேறொரு பையனை எடுத்துக்கொண்டார்கள். ஆன்டோ இப்போது திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறான்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவனுக்கே அதில் கோபம் இல்லை. ஆய்வுக்காக எத்திராஜைச் சந்தித்ததைச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “அவரா? நல்ல ஆளுக்கா. என் கால் வெளியதான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?” என்றான். பிறகு அம்மாவிடம் ரசம் கேட்டான். அவன் அப்படித்தான். தனக்கு என்ன ஆனது என்று அவனுக்குப் புரிவதில்லை. யாராவது ஒருவருக்காவது புரிய வேண்டும்.

அறிக்கையை நடுவர் சங்கத்துக்குக் கொண்டுபோனது நான்தான். மேடம் வெளியூரில் இருந்தார். சங்கச் செயலாளர் அழகேசன் அறையில் உலகத்துக் கோப்பையெல்லாம் அடுக்கியிருந்தது. அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.

“நாலுல ஒருத்தனா? நம்மாண்ட அப்டி யாரும் கெடியாதுமா. வடக்க எங்கியாவது இருக்கும்.”

“இங்கே எடுத்த கணக்குதான் சார்.”

“கணக்கு இருக்கட்டும். பேரு இன்னா?”

“பெயர் இல்லை சார். தனி ஆள் யார் என்று இந்த முறையில் தெரியாது.”

“பேரே இல்லாத ரிப்போர்ட்ட வெச்சிகினு நான் இன்னா பண்றது? காத்த புட்சி உள்ள போடச் சொல்றியா?” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். டீ வந்தது. டம்ளரை அறிக்கையின் மேல் வைத்தார்.

சங்கங்கள் என்ன செய்கின்றன என்பது ஆய்வின் இரண்டாம் பகுதி என்று சொன்னேன் அல்லவா. இதுதான் செய்கின்றன. ஐந்து மாதம் மைதானம் மைதானமாக அலைந்தேன். அண்ணனூரில் வெயில், திருநின்றவூர் ஏரிப் பக்கம் மழை, கழிப்பறை இல்லாத இடங்களில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். அது எல்லாம் ஒரு வட்டமான டீக் கறையாக முடிந்தது. சதவீதத்தை யாரும் தண்டிக்க மாட்டார்கள் என்று எனக்கு அன்று புரிந்தது. நடுவர் ஒரு கையைத் தூக்கினால் ஒரு பையனின் வாழ்க்கை திசை மாறிவிடுகிறது. அந்தக் கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்பீல் இல்லை. நான் கேள்வி கேட்டேன். அதில் தவறு என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் டைரியையும் படிவங்களையும் வைத்து அறுபத்தொரு பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தலைப்பில் ‘ஆமாம் என்று பதில் அளித்தவர்கள்’ என்று போட்டேன். அந்தத் தலைப்பில் பொய் இல்லை. காசு முறையைப் பற்றி அழகேசனிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன், அறிக்கையில் நான்காம் பக்கத்திலும் இருக்கிறது. அவர் படிக்காததற்கு நான் பொறுப்பு இல்லை.

அவர் முகம் மாறியது. பேனாவை எடுத்து, சங்கத் தேர்தலில் தன்னை எதிர்த்தவர்களின் பெயருக்கு நேரே புள்ளி வைத்துக்கொண்டே போனார். பதினோரு புள்ளி வந்தது. “இவனுங்க போதும். அம்பது அறுவது பேர தூக்கினா அப்பறம் மேட்சுக்கு யாரு விசில் ஊதுறது, நீயா?” என்றார்.

எத்திராஜ் பெயரைப் புள்ளி வைக்காமல் தாண்டினார். நான் விரலை அந்த இடத்தில் வைத்தேன்.

“இவனா? எத்திராஜா? இவன் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டாம்மா. அப்டிப்பட்ட ஆளு இல்லியே.”

“ஆமாம் என்று போட்டிருக்கார் சார்.”

“நெசமாவா?”

“அவர் கையால் போட்டது. படிவம் இருக்கிறது.”

யோசித்தார். நான் சொன்னேன்: “எதிர்த்தவர்கள் பெயர் மட்டும் இருந்தால் வேண்டுமென்றே செய்ததாகச் சொல்வார்கள் சார்.”

அழகேசன் என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “பேசவே மாட்டாளேன்னு பாத்தா, இன்னா மூளடா இது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பன்னிரண்டாவது புள்ளியை வைத்தார். அன்று மாலையே பட்டியல் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘சூதாட்டத்தில் ஈடுபட்டதை ஒப்புக்கொண்ட நடுவர்கள் பன்னிரண்டு பேர் இடைநீக்கம்.’ ‘ஒப்புக்கொண்ட’ என்பது அவர் சேர்த்த சொல்.

எத்திராஜிடம் சாதா போன்தான் இருந்தது. இடைநீக்கக் கடிதம் தபாலில் போயிருந்தது, இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லிப் போட்டிக்கு எப்போதோ ஒப்புக்கொண்டபடி, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

நானும் போயிருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து ஆன்டோவின் வேனில் போய் இறங்கினேன். பட்டியல் வெளியான பிறகு மைதானத்தில் என்ன மாற்றம் என்று பார்ப்பதும் ஆய்வுக்கு உதவும் என்று நினைத்தேன். யாரும் அனுப்பவில்லை.

அரையிறுதியில் உள்ளூர் அணி ஒரு புள்ளியில் பின்தங்கியிருந்தது. உள்ளூர் ரெய்டருக்கு எத்திராஜ் அவுட் கொடுத்தார். கால் வெளியே போனதை நானும் பார்த்தேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பையன் போனைத் தூக்கிக்கொண்டு மைக் மேசைக்கு ஓடினான். பட்டியலை மைக்கில் படித்தான். கடைசிப் பெயரை இரண்டு முறை படித்தான்.

எத்திராஜுக்கு முதலில் புரியவில்லை. “எந்த எத்திராஜ்?” என்று கேட்டார். கூட்டம் கோட்டுக்குள் வந்துவிட்டது. “எவ்ளோ கட்டின மாமே, எங்க மேல எவ்ளோ கட்டின?” என்று ஒருவன் அவர் கழுத்திலிருந்த விசிலைப் பிடித்து இழுத்தான். அவர் சுற்றிலும் பார்த்தார். பந்தல் காலருகே நின்ற என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அதை எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தெளிந்தது.

“தோ, அந்தப் பாப்பாவ கேளு. அதாண்டதான் எழுதிக் குடுத்தேன். அது இன்னா கணக்குன்னு அது சொல்லும். சொல்லு பாப்பா.”

மைக்கை என்னிடம் கொண்டுவந்தார்கள். வைத்திருந்தவன் அவசரப்பட்டான். “அதெல்லாம் வாணாம். ஆமான்னு எழுதினாரா, இல்லியா?”

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. விளக்க நான்கு நிமிடம் ஆகும் என்று முன்பே எழுதினேன். அந்தக் கூட்டம் நான்கு நிமிடம் நிற்குமா? எனக்கு ஒரு சொல்தான் வந்தது.

“ஆமாம்.”

ஒலிபெருக்கியில் என் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் குரல் போலவே இல்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கோடு அளக்க வைத்திருந்த கட்டையை எடுத்தது யார் என்று நேற்று கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் இறந்த எட்டாம் நாள் அவர் மனைவி கன்னியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆன்டோதான் கூட்டிவந்தான், அவனுக்கு அறிவு கிடையாது. அம்மா காபி கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

“நான் சண்டைக்கு வர்லமா. கம்பெனில அவர்கூட வேல செஞ்சவங்க சாவுக்கே வர்ல. பெரிய பொண்ணு ஊட்ட உட்டு வெளிய போவ மாட்டேங்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரு ஆடினாரா? ஆடியிருந்தா ஆடினாருன்னு சொல்லு, நான் தாங்கிக்கிறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லு. எதுவா இருந்தாலும் ஊட்டுக்குப் போய் பொண்ணுங்களாண்ட சொல்லணும்.”

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “இந்த முறையில் யாருக்கும் தெரியாது.”

“நீதான ஆமான்னு மைக்ல சொன்ன?”

“அது படிவத்தில் இருந்தது.”

கன்னியம்மா தொடாத காபியை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். ஆன்டோ அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வேனிலேயே படுத்துக்கொள்கிறான். அவனுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்பதால் அது என்னைப் பாதிக்கவில்லை.

அம்மா பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொல்கிறாள். அங்கே போனால் செய்ததற்கு வருந்த வேண்டும். வருத்தம் இல்லாமல் முழங்காலில் நிற்பது பொய். நான் பொய் சொல்வதில்லை. பட்டியலில் பொய் இல்லை, மைக்கில் பொய் இல்லை, ஒரு படிவத்திலும் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. எந்தப் பிரிவில் என்மேல் வழக்குப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்று நேற்று உங்கள் முகத்தில் பார்த்தேன். மறைத்து வைக்க வேண்டியதை வெளியே கொடுத்தேன் என்று மேடம் என்னை வேலையை விட்டு நீக்கலாம். நீக்கட்டும். ஐந்து மாதத்தில் ஒருவருக்காவது தண்டனை கிடைத்தது, மேடத்தின் அறிக்கையால் அதுகூட நடக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. டைரியை நீங்கள் எடுத்துக்கொண்டதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டாம் எண் படிவம், அண்ணனூர். மத்தியானம் மூன்று மணி. முதல் ஷிப்ட் முடிந்து அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து நேராக வந்திருந்தார் எத்திராஜ். அவருக்கு என்னைத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து பித்தளை நிறத்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்தார். சுண்டினார். பிடித்தார். எல்லாரையும் போல உள்ளங்கையை என் பக்கம் விரித்தார். அன்று நான் முகத்தைத் திருப்பவில்லை.

தலை.

அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். “பாப்பா, நான் ஒரு தபா கூட கட்டினது இல்லமா. பசங்க ஆடுற ஆட்டத்துல எவனாவது துட்டு வெப்பானா? ஆமான்னு போடச் சொல்றியே, கை வர மாட்டேங்குது. இல்லன்னே போட்டுக்கட்டா?”

பத்து இருபது பேர் இப்படித் தயங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் சார் என்று சொல்லியிருக்கிறேன். சிலர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“தலை விழுந்தால் ஆமாம் என்று போட வேண்டும் என்பதுதான் ரூல் சார்” என்றேன்.

“ரூலா?” என்றார். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப சரி.” டிக் அடித்து, படிவத்தை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

டைரியில் தொண்ணூற்றாறு பெயர்கள் இருக்கின்றன. ஐம்பத்தெட்டாவது பெயருக்கு நேரே மட்டும் ‘தலை’ என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறது. என் கையெழுத்துதான். பட்டியல் என்று ஒன்று போடப்போகிறேன் என்று எனக்கே தெரிவதற்கு மூன்று மாதம் முன்பு எழுதியது. அதனால் அதில் உள்நோக்கம் எதுவும் இருக்க முடியாது. கவனித்ததைக் குறித்து வைப்பது என் பழக்கம். ஆன்டோவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.